பெரிய வியாழனுக்கு ஒரு டப்பா வெண்ணெய்

குருத்து ஞாயிறு பூசை முடிந்த கையோடு ஷாரன் நேராகப் புக்கிட் பாஞ்சாங் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டியபோதே, தன் தலையில் ஏதோ வேலையைக் கட்டப்போகிறாள் என்று வெரோனிகாவுக்குத் தெரிந்துவிட்டது. சிங்கப்பூரின் மறுகோடியிலுள்ள செங்காங்கிலிருந்து ரயில் மாறி ரயில் ஏறிச் சும்மா எட்டிப்பார்க்க வருகிற ஆளா அவள்? வெரோனிகாவின் கொழுந்தன் ஜெரார்டின் மனைவி. தமிழ்ப் பூசையில் பாடற்குழுவின் முதல் வரிசை. வந்தால் முதலில் வீட்டைப் புகழ்வாள், பிறகு சமையலைப் புகழ்வாள், அதற்கப்புறம்தான் விஷயம் வெளியே வரும்.

அன்றைக்கு வீடும் கூட்டவில்லை, சமையலும் இல்லை. பேரங்காடியில் காலை ஷிஃப்ட் முடித்து வந்த வெரோனிகா, கல்லாவில் நின்று நின்று வீங்கிப்போன காலை ஸ்டூலில் தூக்கிவைத்துக்கொண்டு, பொட்டலத்தில் வாங்கிவந்த மீ கோரேங் நூடுல்ஸைத் தின்றுகொண்டிருந்தாள். புகழ ஒன்றும் அகப்படாததால் ஷாரன் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"அக்கா, கோவிச்சுக்கக் கூடாது. பெரிய வியாழனுக்கு இந்த வருஷம் ஃபாதர் திலீப் ஒரு தீம் வெச்சிருக்காரு. வீட்டுல நோயாளிய வெச்சுப் பாத்துக்கிட்டவங்களா பாத்து பன்னெண்டு பேரு. அவங்க காலைத்தான் கழுவப்போறாரு."

"நல்ல விஷயம்தானே."

"என் பேரக் குடுத்துட்டாங்க அக்கா."

வெரோனிகா மீயைச் சுருட்டியபடியே இருந்தாள். பெரிய வியாழன் மாலைப் பூசையில், இயேசு தம் சீடர்களுக்குச் செய்ததை நினைத்துப் பங்குச் சாமியார் பன்னிரண்டு பேரைப் பீடத்தின் முன் உட்காரவைத்துப் பாதம் கழுவுவார். முன்பெல்லாம் ஆண்களுக்குத்தான் அந்த நாற்காலி. இப்போது பெண்களும் உட்காரலாம். யார் யார் உட்காரப்போகிறார்கள் என்பது தவக்காலம் முழுக்க ஊர்ப்பேச்சு.

ஷாரன் யாரை வைத்துப் பார்த்துக்கொண்டாள்? அதைத்தான் நீங்களும் கேட்பீர்கள். மாமியார் அந்தோனியம்மாள் சிறுநீரகம் கெட்டுப்போய்ப் படுத்த ஆறு வருஷமும் கிடந்தது இந்தப் புக்கிட் பாஞ்சாங் வீட்டில். டயாலிசிஸுக்குச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனதும், படுக்கையை மாற்றியதும், வேலையை விட்டதும் வெரோனிகா. ஷாரன் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்து கட்டில் பக்கத்தில் நின்று ஒரு மாதா பாட்டுப் பாடிவிட்டுப் போவாள். குறை சொல்லக் கூடாது, நன்றாகவே பாடுவாள்.

ஆனால் அடக்கப் பூசையில் மைக் பிடித்துப் பேசியதும் ஷாரன்தான். தமிழிலும் இங்கிலீஷிலும் மாற்றி மாற்றிப் பேசி, அம்மாவைக் கடைசிவரை வீட்டிலேயே வைத்துப் பார்த்த கதையைச் சொல்லி, கோயிலையே அழவைத்துவிட்டாள். அந்த நேரத்தில் வெரோனிகா முதல் பெஞ்சில் உட்கார்ந்தபடி தூங்கிப்போயிருந்தாள். அதற்கு முந்திய வாரம் முழுக்க அவள் கண் மூடவில்லை என்பது யாருக்குத் தெரியும்? தலை தொங்கியது மட்டும் எல்லாருக்கும் தெரிந்தது. சில பேர் அதை வீட்டுக்குப் போய்ப் பேசவும் செய்தார்கள். ஃபாதர் திலீப் அப்போதுதான் பங்குக்குப் புதிதாக வந்திருந்தார். அழகாகப் பேசியவள்தான் பார்த்துக்கொண்டவள் என்று அவர் நினைத்துக்கொண்டதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

"எல்லாரும் பக்கத்துல நிக்கிறப்ப கேட்டாரு அக்கா. எப்படி நோ சொல்றது? நீங்களே சொல்லுங்க."

ஷாரன் வலது காலை முன்னால் நீட்டினாள். குதிகால் ஓரத்தில் நூல் மாதிரி ஒரு வெடிப்பு. "ஆபீஸ் ஏர்கான்ல காஞ்சு போயிருச்சு பாருங்க. லைவ்ஸ்ட்ரீம் வேற இருக்கு, கேமரா காலுக்குக் கிட்ட வரும் லா. அம்மா உடம்புக்கு நீங்க ஒரு பட்டர் அடிச்சுத் தடவுவீங்களே, கடையில விக்கிறதெல்லாம் அது கிட்ட நிக்குமா? ஒரு சின்ன டப்பா, ப்ளீஸ் அக்கா."

"சரி," என்றாள் வெரோனிகா. மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பாள், அதற்குப் பதில் சொல்ல வேண்டும், பதிலுக்குத் தெம்பு வேண்டும். சரி என்பதற்கு அதெல்லாம் வேண்டியதில்லை.

ஷாரன் போனபிறகுதான் வெரோனிகாவுக்கு அது புரிந்தது. அந்த நாற்காலி அவளுக்கு வேண்டும். இப்படி ஓர் ஆசை தனக்குள் இருக்கும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. பாராட்டு விழாவுக்கோ பொன்னாடைக்கோ அலைகிறவள் இல்லை. ஆனால் ஆறு வருஷம் செய்ததற்கு எங்காவது ஓர் இடத்தில், ஒரு தரம், யாராவது அவளை உட்காரச் சொல்ல வேண்டும். அந்த இடமும் இருக்கிறது, நாளும் இருக்கிறது, அதில் ஷாரன் உட்காரப்போகிறாள்.

சாயங்காலம் துவாஸ் தொழிற்பேட்டையிலிருந்து கணவன் அலெக்சாண்டர் ஞாயிறு ஓவர்டைம் முடிந்து வந்தான். பாதி சோற்றில் அவனிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"விடு வெரோனி," என்றான் அவன், ரசத்தை ஊற்றிக்கொண்டே. "யாரு போனா என்ன? நம்ம வீட்டுக்குத்தானே பேரு."

நல்ல மனுஷன்தான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கெட்ட எண்ணத்தில் சொல்லியிருந்தால் சண்டையாவது போடலாம்.

மறுநாள் வேலை விட்டதும் லிட்டில் இந்தியாவுக்குப் போனாள். தேக்கா சந்தைப் பக்கம் இறங்கி, கூட்டத்தில் இடிபட்டு, அப்துல் கஃபாரின் வாசனை எண்ணெய்க் கடைக்குள் நுழைந்தபோது அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"என்னம்மா, ஆளையே காணோம்? பெரியம்மா எப்படி இருக்காங்க?"

"போயிட்டாங்க பாய். போன வருஷம்."

அவர் வாய்க்குள் துஆ ஓதிவிட்டு, கேட்காமலேயே லாவெண்டர் பாட்டிலை எடுத்து வைத்தார். "அப்ப இது இப்ப யாருக்கு?"

"ஓரகத்திக்கு."

"அடடா. அவங்களும் படுக்கையா?"

"இல்ல பாய். நல்லா நடக்கிறா."

அவர் வழக்கம்போல ஒரு சொட்டைக் காகிதத் துண்டில் விட்டு மூக்கருகே நீட்டினார். வெரோனிகாவுக்கு அந்த வாசனை பட்டதும் தோள்பட்டை வலிக்க ஆரம்பித்தது. பூ வாசனை என்று உலகமே மயங்குகிற எண்ணெய், அவளுக்கு மட்டும் நோயாளி அறை. கிளம்பும்போது ஷியா கொட்டையின் வெண்ணெயும் கோகோ வெண்ணெயும் அங்கேயே வாங்கிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு வேலை இல்லாத நாள். துணி கிடந்தது, தரை கிடந்தது. எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு அடுப்பில் தண்ணீர்ச் சட்டியை வைத்தாள். அதன் மேல் கண்ணாடிக் கிண்ணம், கிண்ணத்துக்குள் இரண்டு வெண்ணெயும். நேரடித் தீயில் வைத்தால் கருகிப்போகும், ஆவியில்தான் உருக வேண்டும். கோகோ கட்டி பிடிவாதமாகக் கிடந்து கடைசியில்தான் கரையும். பிறகு கொஞ்சம் தேங்காயெண்ணெய். கொஞ்சம்தான். வெளிநாட்டுப் பெண்கள் வீடியோவில் தாராளமாக ஊற்றுவதைப் பார்த்து முதல் தடவை அவளும் ஊற்றினாள். அவர்களுக்குக் குளிர் ஊர். இங்கே மறுநாள் காலையில் டப்பாவைத் திறந்தால் உள்ளே வெறும் எண்ணெய், மேலே ஈ.

ஏன் இதையெல்லாம் கற்றுக்கொண்டாள் என்றால், மாமியாருக்கு அரிப்பு. சிறுநீரகம் போனவர்களுக்கு வருகிற அரிப்பு. சொறிந்து சொறிந்து முழங்கையெல்லாம் இரத்தக் கோடு. டாக்டர் கொடுத்த களிம்பு போதவில்லை, கடை க்ரீம் எதை வைத்தாலும் எரிகிறது என்று கத்துவாள். இது மட்டும்தான் எரியவில்லை. அதிலும் வெறும் ஷியாவின் வாடை ஆகாது. "ஆட்டுக்கொட்டகை நாத்தம் அடிக்குதுடி, இதையா என் மேல பூசுற?" என்பாள். அதற்காகத்தான் லாவெண்டர். புதினா எண்ணெய் குளிர்ச்சியாக இருக்குமே என்று ஒரு தடவை போட்டு, வெடித்த தோலில் அது மிளகாய் மாதிரி எரிந்து, அன்றைக்கு வெரோனிகா வாங்கிய திட்டு மூன்று மாடிக்குக் கேட்டிருக்கும்.

உருகியதைக் குளிர்பெட்டியில் வைத்து, ஓரம் இறுகி நடு மட்டும் குழைவாக இருக்கும் பதத்தில் எடுத்தாள். முழுக்க இறுகவிட்டால் அடிக்க முடியாது. வெளியிலேயே வைத்து மெதுவாக ஆறவிட்டால் ஷியா ரவை ரவையாகத் திரிந்துவிடும். இனி அடிக்க வேண்டும். இங்கேதான் சங்கடம். சிங்கப்பூர் வெக்கையில் சமையலறையில் வைத்து அடித்தால் எவ்வளவு அடித்தாலும் பொங்காது; ஏர்கான் அறை வேண்டும். இந்த வீட்டில் ஏர்கான் இருப்பது ஒரே அறையில். அது மாமியாரின் அறை.

கட்டிலைத் தூக்கிப்போட்டாயிற்று. துணி காயவைப்பதற்குத் தவிர அந்த அறைக்குள் அவள் போவதில்லை. இப்போது ஏர்கானைப் போட்டுவிட்டு, கட்டில் இருந்த இடத்துக்குப் பக்கத்தில், பிளக் இருக்கும் சுவரோரமாகத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். எப்போதும் உட்காரும் அதே இடம். கேக் அடிக்கும் மிஷினைக் கிண்ணத்துக்குள் இறக்கினாள். மிஷின் கத்த ஆரம்பித்தது. முன்பெல்லாம் அந்தச் சத்தத்துக்குள் மாமியாரின் குரல் கேட்கும்: "இன்னும் எவ்வளவு நேரம்டி?" ஒரு நாளாவது நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. சாகிறவரை சொல்லவில்லை. அதற்காக அவள் மேல் வெரோனிகாவுக்கு வருத்தமும் கிடையாது. வலியில் கிடக்கிறவளிடம் போய் யார் நன்றியை எதிர்பார்ப்பார்கள்? வருத்தமெல்லாம் நன்றாக நடமாடுகிறவர்கள் மேல்தான்.

மஞ்சளாக இருந்தது வெளுத்து, வெளுத்தது உப்பி, கிண்ணத்தின் விளிம்புவரை ஏறியது. லாவெண்டரைச் சொட்டு சொட்டாக விட்டாள். பிசுபிசுக்காமல் இருக்க ஒரு கரண்டி மரவள்ளி மாவைத் தூவினாள். மிஷினைத் தூக்கினால் வெண்ணெயின் நுனி வளையாமல் நின்றது. கை மரத்துப்போயிருந்தது. பதம் தப்பவே இல்லை, அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. மனசில்லாமல் செய்தாலும் நன்றாக வந்து தொலைகிறது.

புதன்கிழமை சாயங்காலம் ஷாரன் டப்பாவை வாங்க வந்தாள். ஆபீஸ் முடிந்து நேரே வந்திருந்தாள். கூடத்தில் இருந்த பிரம்பு நாற்காலியில் சாய்ந்து, "ஒரு தடவ போட்டுப் பாக்கட்டுமா அக்கா?" என்று காலை நீட்டினாள்.

"கொஞ்சமா எடுத்து, உள்ளங்கையில வெச்சு உருகுனப்புறம்..." என்று சொல்லிக்கொண்டே வந்த வெரோனிகா, அடுத்த நிமிஷம் தரையில் இருந்தாள். எப்போது மண்டி போட்டாள், எப்போது ஷாரனின் காலை எடுத்து மடியில் வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஆறு வருஷம் அந்த நாற்காலியில் மாமியார் உட்கார்ந்து கால் நீட்டியபோதெல்லாம் அவள் செய்தது அதைத்தான். உடம்புக்குப் பழக்கம் விடவில்லை. குதிகாலில் வைத்துக் கட்டைவிரலால் வட்டமாகத் தேய்த்தாள், கணுக்காலைச் சுற்றி வந்தாள், விரலிடுக்கில் போனாள். சிவப்பு நகப்பூச்சைப் பார்த்தபோதுதான் இது யாருடைய கால் என்று உறைத்தது.

ஷாரன் கண்ணை மூடிக் கிடந்தாள். "அய்யோ அக்கா, சொர்க்கம் லா. அம்மா குடுத்து வெச்சவங்க."

வெரோனிகாவின் கை நின்றது. நாளைக்கு இவள் காலைச் சாமியார் கழுவுவார், இன்றைக்கு நான் தேய்த்துவிடுகிறேன். ஒரே காலுக்கு இரண்டு பேர். எனக்கு?

"ஷாரன், அந்த நாற்காலியில நான் உக்காரணும்."

ஷாரன் கண்ணைத் திறந்து, பதறி எழுந்திருக்கப் பார்த்தாள். "சாரி அக்கா, உக்காருங்க, உக்காருங்க."

"இது இல்ல. நாளைக்குக் கோயில்ல போடுற நாற்காலி."

ஷாரனின் முகம் மெல்லச் சிவந்தது.

"நான் பாத்துக்கிட்டேன்னு நான் யாருகிட்டயும் சொல்லலையே அக்கா."

"அக்காதான் பாத்துக்கிட்டாங்கன்னும் நீ சொல்லலையே."

"பேரு ப்ரின்ட் பண்ணியாச்சு. ஸ்க்ரீன்ல வேற போடுவாங்க. இப்ப போய் எப்படி மாத்துறது?"

"பேரு உன்னோடதாவே இருக்கட்டும் ஷாரன். காலு என்னோடதா இருக்கட்டும்."

வெரோனிகா அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை. அரிசி தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும் என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். நாற்காலியின் கையைப் பிடித்து, முட்டி மளுக்கென்று சத்தமிட எழுந்து நின்றாள்.

"ஃபாதர்கிட்ட நான் என்னன்னு சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாதே. பேரைக் கூப்பிடுறப்ப நீ எழுந்திரிக்காதே. அவ்வளவுதான் உன்கிட்ட நான் கேக்குறது. இத்தனை வருஷத்துல வேற எதுவும் கேட்டதில்ல."

ஷாரன் ஒரு காலில் எண்ணெய் மினுமினுக்க எழுந்தாள். மேசைமேல் இருந்த டப்பாவை எடுப்பதா வேண்டாமா என்று தயங்கி, கடைசியில் எடுத்துக்கொண்டுதான் போனாள். சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை மாலை கோயிலில் உட்கார இடமில்லை. வெரோனிகா அலெக்சாண்டரோடு நடு பெஞ்சில் இருந்தாள். அவனிடம் எதையும் சொல்லவில்லை. சொன்னால் விடு வெரோனி என்பான். தன் குதிகாலில் ஒரு பொட்டு வெண்ணெய்கூட வைக்கவில்லை. வெடிப்பெல்லாம் வெடிப்பாகவே இருந்தது. மற்ற பதினொரு பேரும் நகம் வெட்டி, கல் வைத்துத் தேய்த்து, வீட்டிலேயே நன்றாகக் கழுவிக்கொண்டு வந்திருப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். கழுவப்போகிறவர் கழுவட்டுமே, அதற்குள் நாம் ஏன் கழுவ வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

உபதேசியார் ஒவ்வொரு பேராக வாசிக்க, ஒவ்வொருவராகப் போய் உட்கார்ந்தார்கள். "ஷாரன் ஜெரார்ட்" என்றார். திரையிலும் அதே பேர் வந்தது. வெரோனிகா பாடற்குழுப் பக்கம் பார்த்தாள். ஷாரன் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, அதிலேயே கண்ணை நட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்தவள் முழங்கையால் இடித்தாள். ஷாரன் அசையவில்லை.

உபதேசியார் இன்னொரு தரம் வாசித்தார்.

வெரோனிகா எழுந்தாள். "எங்க போற?" என்று அலெக்சாண்டர் கையைப் பிடித்தான். அவள் கையை உருவிக்கொண்டு, பெஞ்சில் இருந்தவர்களின் முட்டிகளைத் தாண்டி, நடுவழிக்கு வந்து நடந்தாள். பின்னால் குசுகுசுவென்று பேச்சு எழுந்தது. வெறும் நாற்காலி ஒன்று அவளுக்காகக் கிடந்தது. அதில் உட்கார்ந்தபோது, உட்காருவது என்றால் இவ்வளவு சுகமா என்று கண்ணில் நீர் முட்டியது.

ஃபாதர் திலீப் வரிசையாகக் கழுவிக்கொண்டு வந்து அவள் முன்னால் மண்டியிட்டார். நிமிர்ந்து முகத்தைப் பார்த்தவர் குழம்பிப்போய்ப் பாடற்குழுப் பக்கம் திரும்பினார். அங்கே ஷாரன் இப்போது தலையை நிமிர்த்தி இங்கேயேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதுகொண்டிருந்தாள். அவரைப் பார்த்து மெல்லத் தலையசைத்தாள். ஃபாதருக்கு எவ்வளவு புரிந்ததோ, மறுபேச்சில்லாமல் திரும்பி வெரோனிகாவின் வலது காலைக் கையில் எடுத்தார். தண்ணீர் குளிர்ச்சியாக விழுந்தது. அவர் கை குதிகாலின் வெடிப்பைத் தொட்டு, அங்கே கொஞ்சம் நின்று, பிறகு துவாலையால் ஒத்தியெடுத்தது. குனிந்து முத்தமிட்டார்.

ஆளுக்கு ஒரு கால்தான் வழக்கம். வலது கால் மட்டும். பன்னிரண்டு பேருக்கும் இரண்டு காலையும் கழுவினால் பூசை எப்போது முடிவது? ஃபாதர் கையை ஊன்றி அடுத்த நாற்காலிக்கு நகரத் தொடங்கினார்.

வெரோனிகா இடது காலையும் செருப்பிலிருந்து உருவி முன்னால் நீட்டினாள்.

"இதையும் கழுவுங்க ஃபாதர்," என்றாள். முதல் மூன்று பெஞ்சுக்கும் அது கேட்டது.

அவர் அவளை ஒரு தரம் பார்த்தார். பிறகு நகர்ந்த இடத்திலிருந்து மறுபடி வந்து மண்டியிட்டு, தண்ணீர் ஊற்றுகிறவரைத் திரும்பக் கூப்பிட்டார்.